பிள்ளைகளோடு தோட்டம் போட டர்பனில் ஏற்ற மாதம் ஏப்ரல்

தோட்டம் என்றதும் டர்பன்காரர்களுக்குச் செப்டம்பர்தான் நினைவுக்கு வரும். வசந்தம் பிறந்திருக்கும், நர்சரிகளில் நாற்றுத் தட்டுகள் வரிசையாக இருக்கும், மாதக் கடைசியில் பள்ளி விடுமுறையும் வரும். பழகிய கைக்கு அது நல்ல மாதம்தான். ஐந்தாறு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல்முறையாக மண்ணில் கை வைப்பவர்களுக்கு அது ஆகாது. அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழையும் புழுக்கமும். விதைத்தது முளைக்கும் முன்னே களை முந்திக்கொள்ளும். தக்காளி இலை கருகும், பாகற்பிஞ்சில் பழ ஈ முட்டையிடும், ஒரே ஒரு மாலை இடிமழை பாத்தியைக் கரைத்துக்கொண்டு போகும். பெரியவர்கள் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். பிள்ளை "என் செடி செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கமே திரும்பாது.

ஆகவே ஈஸ்டர் முடியட்டும். இசிப்பிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் மாரியம்மன் திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு வரும் வாரங்களில் விதையுங்கள். கடற்கரைப் பகுதியில் நமக்கு உறைபனி கிடையாது. ஜூன், ஜூலையில்கூட பகலில் 22, 23 டிகிரி, இரவில் 11, 12 டிகிரி. வெந்தயம், கொத்தமல்லி, முள்ளங்கி, பட்டாணி எல்லாவற்றுக்கும் பிடித்த சூடு அது. பூச்சி குறைவு. மழையும் குறைவு என்பதால் செடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஏப்ரலைச் சொல்வதற்கு முக்கியக் காரணமே அதுதான். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலோ பிரிட்டோரியாவின் லாடியத்திலோ இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே குளிர்காலத்தில் உறைபனி விழும், செப்டம்பர்தான் வழி.

இந்தியாவிலிருந்து வரும் தோட்டக் குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது அந்த ஊர் மழையை வைத்துச் சொன்னது. இங்கே ஆடியில் மண் காய்ந்து கிடக்கும். வெயில் திசையும் மாறும். குளிர்காலத்தில் நமக்குச் சூரியன் வடக்கே சாய்ந்து போகும். வீட்டின் தெற்குச் சுவர் ஓரம் மே முதல் ஆகஸ்ட் வரை நாள் முழுக்க நிழல். பாத்தியோ தொட்டியோ வீட்டுக்கு வடக்குப் பக்கம், குறைந்தது ஐந்து மணி நேரம் வெயில் விழும் இடத்தில் இருக்க வேண்டும்.

மண்ணும் இடமும்

ஒப்பந்தக் கூலிக் காலம் முடிந்த நம் முன்னோர் ஸ்பிரிங்ஃபீல்டிலும் கிளேர்வுட்டிலும் காய்கறி விளைவித்துப் பிழைத்தார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் அவர்களுக்குக் கிடைத்தது உம்கேனி ஆற்று வண்டல். சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நமக்குக் கிடைத்திருக்கும் முற்றம் வேறு ரகம். வீடு கட்டும்போது மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்பிய மண், தோண்டினால் செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும் வரும். டர்பனின் பிரியா (Berea) மேட்டுப் பக்கம் சிவப்பு மணல். ஊற்றிய தண்ணீர் நிற்கவே நிற்காது. இரண்டையும் பிள்ளையால் திருத்த முடியாது. தரைக்கு மேலே பாத்தி எழுப்புவதுதான் சுலபம்.

அகலம் 60 செ.மீ.க்கு மேல் வேண்டாம். பெரியவர்களுக்குச் சொல்லும் 1.2 மீட்டர் அகலப் பாத்தியில் ஆறு வயதுப் பிள்ளையின் கை நடுவரை எட்டாது. எட்டாவிட்டால் உள்ளே ஏறி மிதிக்கும், மிதித்த இடத்தில் மண் இறுகி விதை மேலே வராது. 60 செ.மீ. அகலம், 1 மீட்டர் நீளம், 20 செ.மீ. உயரம் என்றால் 120 லிட்டர் மண் பிடிக்கும். 30 லிட்டர் காம்போஸ்ட் பை இரண்டு, முற்றத்து மண் சல்லடையில் சலித்தது 60 லிட்டர், கலந்தால் சரியாக இருக்கும். முதல் விளைச்சலுக்கு 2:3:2 ரசாயன உரம் தேவையில்லை. காம்போஸ்டோடு உரத்தையும் கொட்டினால் முள்ளங்கி இலையாக வளர்ந்து கிழங்கு வைக்காது. கோழி எருவும் மாட்டு எருவும் நன்றாக மக்கியிருந்தால் மட்டும். பச்சை எரு வேரைப் பொசுக்கும். அதைவிட, பிள்ளை கையை வாயில் வைக்கும்போது கிருமியும் உள்ளே போகும்.

பாத்தி கட்டப் பச்சை நிறம் ஏறிய மருந்துக் கட்டைகளைப் பயன்படுத்தாதீர்கள். கரையான் வராமல் இருக்க அவற்றில் ஏற்றியிருப்பதில் ஆர்செனிக் உண்டு. செங்கல்லோ சாதாரணப் பலகையோ போதும். பழைய வீடாக இருந்து சுவர் பெயின்ட் உதிர்கிறது என்றால் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம்.

இடமே இல்லாத ஃபிளாட்டுக்கு 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் நல்ல தொட்டி, ஆனால் தண்ணீரில் கரையும் சுவர் பெயின்ட் வந்ததாக இருக்க வேண்டும். அடியில் 8 மி.மீ. துளை எட்டாவது போடுங்கள். கீரைக்கு 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவே போதும். அதன் மூடியைக் கீற்றுகளாக வெட்டினால் பெயர்க் குச்சி. எழுதுவது பென்சிலில்தான். ஃபெல்ட் பேனா மை நம் வெயிலில் சில வாரங்களில் வெளுத்துப்போகும், பென்சில் எழுத்து நிற்கும். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிற பிள்ளை என்றால் 'வெந்தயம்', 'முள்ளங்கி' என்று அதன் கையாலேயே தமிழில் எழுதட்டும். 'ந்', 'ள்', 'ங்' எல்லாம் அதில் வந்துவிடுகிறது.

எதை முதலில் விதைப்பது

பிள்ளையின் பொறுமைதான் பயிரைத் தீர்மானிக்க வேண்டும். கறிவேப்பிலைக் கன்று வாங்கிக் கொடுத்து "இது உன் மரம்" என்றால் கேட்க நன்றாக இருக்கும், மூன்று மாதத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. முதல் பயிர் வெந்தயமாக இருக்கட்டும். கிரே ஸ்ட்ரீட் மளிகைக் கடையிலோ விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டிலோ வாங்கிய சமையல் வெந்தயமே போதும். வறுத்ததாகவோ ரொம்பப் பழையதாகவோ இருந்தால் முளைக்காது. பத்து விதையை ஈரத் துணியில் மடித்து மூன்று நாள் வைத்துப் பாருங்கள். ஏழு விதையாவது முளைத்தால் விதைக்கலாம்.

இரவு ஊற வைத்த ஒரு மேசைக்கரண்டி வெந்தயம் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவுக்குச் சரி. டப்பாவில் 7 செ.மீ. மண், மேலே நெருக்கமாகத் தூவி, அரை செ.மீ. மண் மூடி, உள்ளங்கையால் லேசாக அழுத்த வேண்டும். நாலாம் நாள் மண்ணைப் பிளந்துகொண்டு தலை தெரியும். இரண்டு வாரத்தில் கத்தரிக்கோலால் வெட்டித் தயிரில் போடலாம். கீரையாக வளர்த்துப் பருப்பில் போட வேண்டுமென்றால் குளிர்காலத்தில் ஐந்து வாரம். நெருக்கமாகத் தூவலாம் என்பதால் பிள்ளையின் கை எப்படிக் கொட்டினாலும் பெரிய குற்றமில்லை. முள்ளங்கியில் அந்தச் சலுகை கிடையாது.

கொத்தமல்லியில்தான் நிறைய வீடுகளில் ஏமாற்றம். முழுத் தனியாவை அப்படியே போட்டுவிட்டுப் பத்து நாள் பார்த்துவிட்டு விதை சரியில்லை என்பார்கள். ஒரு தனியா உருண்டைக்குள் இரண்டு விதை இருக்கிறது. அதைப் பிரிக்க வேண்டும். பலகையில் ஒரு கைப்பிடி பரப்பி, சப்பாத்திக் கட்டையைப் பிள்ளையிடம் கொடுத்து உருட்டச் சொல்லுங்கள். 'டக்' என்று உடையும் சத்தம் கேட்டால் போதும். பாதியாகப் பிரிந்த தனியா சரி, மாவானது சமையலுக்கு. பிரித்ததைப் பன்னிரண்டு மணி நேரம் ஊற வைத்து, ஒரு செ.மீ. ஆழத்தில் வரிசையாக விதைத்தால் ஏழு முதல் பன்னிரண்டு நாளில் வரும். முதலில் வருவது புல் மாதிரி இரண்டு நீள இலை. களை என்று பிள்ளை பிடுங்கிவிடும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நாற்றுப் பிடுங்கி நட்டால் வேர் அதிர்ந்து உடனே பூக்கும், அதனால் விதைத்த இடத்திலேயே வளரட்டும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு வரிசை புதிதாக விதைத்துக்கொண்டே வந்தால் ஆகஸ்ட் வரை கைவிடாது. சூடு ஏறினால் பூத்து நிற்கும், செப்டம்பரில் தொடங்குகிறவர்களுக்குத் தனியா கைகொடுக்காததற்குக் காரணம் அதுதான்.

சிவப்பு உருண்டை முள்ளங்கி நான்கைந்து வாரத்தில் பிடுங்கலாம். ஒரு செ.மீ. ஆழம், விதைக்கு விதை 3 செ.மீ. இடைவெளி தெரிய ஐஸ்கிரீம் குச்சியில் கோடு போட்டுக் கொடுங்கள். நெருக்கமாக முளைத்ததைக் களைந்துவிட வேண்டும், பிள்ளைகள் மனசு வராமல் அழும். களைந்ததைச் சாலட்டில் போட்டுத் தின்னக் கொடுத்தால் சமாதானமாகும். முள்ளங்கியை எந்தப் பிள்ளையும் விரும்பித் தின்பதில்லை, பிடுங்குவதில்தான் ஆசை. இலை பருப்புக்கும் கிழங்கு சாம்பாருக்கும் போகட்டும்.

நாலு வயதுக்குப் பட்டாணி. விதை பெரிது, விரலுக்கு அகப்படும். குட்டை ரகமாக வாங்கி 3 செ.மீ. ஆழத்தில் 5 செ.மீ. இடைவெளியில் ஊன்றி, காய்ந்த மரக்கிளைகளை நட்டுவைத்தால் பற்றிக்கொள்ளும். ஏறக்குறைய பத்து வாரம் ஆகும், ஆனால் செடியிலிருந்தே உரித்துத் தின்னலாம் என்பதால் காத்திருப்பார்கள். வறண்ட பகலும் குளிர்ந்த இரவுமாக இருக்கும்போது இலையில் வெள்ளைப் பொடி படியும். ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒருமுறை வெயில் நேரத்தில் தெளித்தால் பரவாது.

ஒரு எச்சரிக்கை. பட்டாணி, பீன்ஸ், மீலிஸ் (மக்காச்சோளம்) விதைப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ பச்சைச் சாயமாகவோ இருந்தால் அது பூஞ்சை மருந்து பூசியது. பிள்ளையின் கையில் கொடுக்கக் கூடாது. பாக்கெட்டின் பின்பக்கம் எழுதியிருக்கும், வாங்கும்போதே படித்துவிடுங்கள். மருந்து பூசாத விதையும் கிடைக்கிறது.

தண்ணீர்

பிள்ளைகள் வளர்க்கும் செடி காய்ந்து சாவதைவிட மூழ்கிச் சாவதுதான் அதிகம். தண்ணீர் ஊற்றுவதுதான் அவர்களுக்குத் தெரிந்த ஒரே அன்பு. காலையில் ஒருவன், பள்ளி விட்டு வந்து இன்னொருத்தி, மாலையில் பாவம் என்று ஆயா. நாலாம் நாள் முளைத்த வெந்தயம் எட்டாம் நாள் படுத்துவிடும். குனிந்து பாருங்கள்: இலை பச்சையாகவே இருக்கும், தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் நூலாக மெலிந்து பழுப்பாகியிருக்கும். இது நாற்றழுகல், ஈரத்தில் வரும் பூஞ்சை. வாடிவிட்டது என்று நினைத்து இன்னும் ஊற்றினால் டப்பா முழுவதும் போய்விடும். சாய்ந்ததைச் சுற்றி ஒரு அங்குலம் மண்ணோடு எடுத்துக் குப்பையில் போட்டு, இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தி, காற்றோட்டமான வெயிலில் வைத்தால் மிச்சம் பிழைக்கும்.

தடுக்க வழி, அளவைப் பாத்திரத்திலேயே கட்டிவைப்பது. அரை லிட்டர் ஜூஸ் பாட்டில் மூடியில் பெரியவர் ஒருவர் சூடு பண்ணிய ஆணியால் 2 மி.மீ. துளை ஆறேழு போட வேண்டும். கவிழ்த்துப் பிழிந்தால்தான் தண்ணீர் வரும், விதையை அரித்துக்கொண்டு போகாது. பாட்டிலில் ஐஸ்கிரீம் டப்பாவுக்கு 150 மி.லி. அளவில் ஒரு கோடு. குளிர்காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்தக் கோடுவரை போதும், கீரை டப்பாவை மூடி வளர்ந்த பிறகு தினமும். மேலே சொன்ன பாத்திக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் 4 லிட்டர். பெர்க் காற்று அடிக்கிற நாளில் மட்டும் கணக்கைப் பார்க்க வேண்டாம். ஆகஸ்டில் உள்நாட்டிலிருந்து வரும் அந்த உலர்ந்த சூட்டுக் காற்று ஒரே பகலில் டப்பாவை வறட்டிவிடும். அன்று காலையும் மாலையும்.

ஊற்றும் முன் விரல் சோதனை. பிள்ளையின் ஆள்காட்டி விரல் இரண்டாவது கணுவரை மண்ணுக்குள் போகட்டும். நுனியில் மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்று வேண்டாம், உதிர்ந்தால் ஊற்று. ஜூனில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும் என்பதால் மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். இலை ஈரத்தோடு இரவுக்குள் போகக் கூடாது.

குரங்கு, ஹடிடா, மற்றவர்கள்

வெர்வெட் குரங்கு வரும் தெருவில் வலை இல்லாமல் பட்டாணி போடுவது வீண். 20 மி.மீ. கறுப்புத் தண்ணீர்ப் பைப்பை 1.8 மீட்டர் துண்டுகளாக மூன்று வெட்டி, இரு முனையும் 20 செ.மீ. மண்ணில் இறங்கும்படி வளைத்தால் நடுவில் 55 செ.மீ.க்குக் குறையாத கூண்டு கிடைக்கும். மேலே 2 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் நீள வலை, ஓரங்களில் செங்கல். கறுப்பு 40 சதவீத ஷேட் நெட் குளிர்காலத்துக்கு இருட்டு, செடி நெட்டையாக வளர்ந்து சாயும். 20 சதவீத வெள்ளை வலை கேளுங்கள். வெந்தயமும் கொத்தமல்லியும் குரங்குக்கு அவ்வளவு இஷ்டமில்லை. பிள்ளை வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நடமாடக் கூடாது. குரங்கைக் கண்ணுக்குக் கண் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரிக்கவும் கூடாது. அதற்கு அது சண்டைக்கு அழைப்பு.

ஹடிடா பறவை செடியைத் தின்னாது. புழுவுக்காக நீள மூக்கை விட்டுக் கிளறும், நட்ட நாற்று ஒரு அடி தள்ளிக் கிடக்கும். கோழிவலைத் துண்டைப் பாத்திமேல் படுக்கையாகப் போட்டுவிட்டால் மூக்கு இறங்காது, செடி துளை வழியாக வளரும்.

காலையில் நாற்று அரிவாளால் வெட்டியதுபோல் அடியோடு விழுந்து கிடந்தால் அது வெட்டுப்புழு. விழுந்த நாற்றைச் சுற்றி இரண்டு அங்குலம் மண்ணைக் கரண்டியால் கிளறினால் சுருண்டு கிடக்கும் சாம்பல் நிறப் புழு அகப்படும். கண்டுபிடிப்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், பெரியவர்களைவிட அவர்கள் வேகம். டாய்லெட் பேப்பர் அட்டைக்குழலை 5 செ.மீ. வளையமாக வெட்டி, 2 செ.மீ. மண்ணுக்குள் அழுத்தி, ஒவ்வொரு நாற்றுக்கும் வேலி போடலாம்.

நத்தைக்கு விற்கும் நீலக் குருணை மருந்து பிள்ளையும் நாயும் உள்ள வீட்டுக்கு வேண்டாம். இரவில் டார்ச் அடித்துப் பொறுக்குங்கள். வெறுங்கையால் தொடாமல் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டும், நத்தையில் ஒட்டுண்ணி இருக்கலாம். கீரையை ஒவ்வொரு இலையாக ஓடும் தண்ணீரில் கழுவுவதும் அதற்காகத்தான். செடிப்பேனுக்கு (அசுவினி) ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து தெளித்தால் போதும், மறுநாள் வெறும் தண்ணீரில் அலசிவிடுங்கள்.

மிச்சமான செங்கல்லையும் பலகையையும் பாத்திக்குப் பக்கத்தில் அடுக்காதீர்கள். பாம்புக்கு அது வீடு. தரையில் கிடக்கும் எதையும் பிள்ளை கையால் தூக்கக் கூடாது, பெரியவர் குச்சியால் புரட்டிய பிறகுதான். காலில் மூடிய ஷூ. தெருவோரச் சிரிங்கா மரத்தின் மஞ்சள் காயும் பாத்தியில் வந்து விழும். இலை வேம்பு மாதிரி இருப்பதால் நம்மவர்கள் அசட்டையாக இருப்பார்கள், காய் விஷம். அரளியும் ஆமணக்கு விதையும் அப்படியே. "நான் கொடுத்தால்தான் வாயில் வைக்கணும்" என்பதைத் தோட்டத்தின் ஒரே கட்டாய விதியாக வைத்துக்கொள்ளலாம்.

ஆடிக் கடைசி விதைப்பும் கோடையும்

ஆகஸ்ட் நடுவில் வெந்தயத்தை இன்னொரு முறை பாத்தி நிறையத் தூவினால் புரட்டாசி பிறக்கும்போது வெட்டலாம். வீடு முழுக்க விரதமாக, கடையில் காய்கறி விலை ஏறும் மாதத்தில் பிள்ளையின் பாத்திக் கீரை குழம்புக்குப் போகும். எந்தப் பாராட்டையும்விட அதில் பிள்ளைக்குப் பெருமை. இரண்டு கொத்தமல்லிச் செடியைப் பிடுங்காமல் பூக்க விடுங்கள். காய் பழுப்பானதும் தண்டோடு வெட்டிக் காகிதப் பையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டால் அடுத்த விதைப்புக்கான தனியா பைக்குள்ளேயே உதிரும்.

ஒரு குளிர்காலம் பழகிய பிள்ளை செப்டம்பரைத் தாங்கும். அப்போது மடும்பி (சேப்பங்கிழங்கு) நடலாம்: முளை கண்ட கிழங்கு, 8 செ.மீ. ஆழம், 40 செ.மீ. இடைவெளி. கோடை மழை அதற்கு வரம். ஏழெட்டு மாதம் காத்திருக்க வேண்டும். பச்சைக் கிழங்கும் இலையும் வாயை அரிக்கும், நன்றாக வேகவைத்த பிறகுதான் தின்ன வேண்டும். பாகல் போட்டால் பிஞ்சு விரல் நீளம் வரும்போதே செய்தித்தாள் உறை மாட்டி நூலால் கட்டுங்கள். பழ ஈ முட்டையிட்ட பிறகு உறை போட்டுப் பயனில்லை. புழு விழுந்த காயைக் காம்போஸ்ட் குவியலில் போடாமல், பிளாஸ்டிக் பையில் கட்டி ஒரு வாரம் வெயிலில் வைத்துவிட்டுக் குப்பையில் சேருங்கள்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் தொட்டிகளை ஒன்றோடொன்று நெருக்கி மரநிழலுக்கு நகர்த்தி, மண்மேல் இரண்டு அங்குலம் காய்ந்த புல் போட்டுவிட்டுப் போகலாம். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கக் கூடாது, கொசு பெருகும். பாத்தியில் இருக்கும் மடும்பியை மழை பார்த்துக்கொள்ளும். பத்து நாளுக்கு மேல் என்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கோடு போட்ட பாட்டிலைக் கொடுத்து, விரல் சோதனையையும் செய்து காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.